வாசல் வரை வந்த தாய்மாமன்

ஸ்க்ரூஜ் யார் என்று மதுரைக்காரர் ஒருவருக்குப் புரியவைப்பது சுலபம். தங்கச்சி மகன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த வீட்டு வாசற்படியை மிதிக்காமல் இருக்கிற தாய்மாமன். கையில் காசு உண்டு, கொடுக்க மனசு வராது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இப்படி ஓர் ஆளைத் தெரியாத குடும்பம் அபூர்வம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். இந்த ஸ்க்ரூஜ் வருகிற, சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ பாடத்தில் இருக்கிறதாம். டீ போடும் நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தவள் சுற்றி வளைக்கவில்லை.

“மாமா, ஒரு கஞ்சக் கெழவன். ராத்திரில மூணு ஆவி வருது. விடிஞ்சா திருந்திர்றான். இவ்ளோதான கதை? இதை எதுக்கு வருசா வருசம் படிக்கிறாங்க, நாடகம் போடுறாங்க?”

“நம்ம அழகர் கதை மட்டும் என்னம்மா? தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டா வந்தாரு, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்குத்தான வருசா வருசம் விடிய விடிய ஆத்துல போய் நிக்கிறோம்.”

“அது சாமி மாமா. இது புக்கு.”

நியாயமான பேச்சுதான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றை வைத்து இன்னொன்று தெளிவாகிறது. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிக்கன்ஸ். 1843-ல் அவருக்கு 31 வயது. இங்கிலாந்தில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் குழந்தைகளின் நிலைமை பற்றி அரசாங்க ஆணையம் ஒன்று விசாரித்து அறிக்கை கொடுத்திருந்தது. அதைப் படித்தவருக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அப்பா கடன் கட்ட முடியாமல் சிறைக்குப் போனபோது, 12 வயதில் ஷூவுக்குப் போடும் கறுப்பு மை தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியவர் அவர். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதுவதாக முதலில் நினைத்தார். பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டு, ஆறு வாரத்தில் இந்தக் கதையை எழுதினார். டிசம்பர் 19 அன்று புத்தகம் வெளிவந்தது. விலை 5 ஷில்லிங், ஏழைகள் வாங்கக்கூடிய விலை இல்லை. இருந்தும் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் தீர்ந்தன.

காசு வந்ததா என்றால் பெரிதாக வரவில்லை. வண்ணப் படம், தங்க எழுத்து அட்டை என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததில் லாபம் கரைந்துபோயிற்று. கதையைத் திருடி மலிவுப் பதிப்பு போட்டவர்கள் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர்கள் திவாலானதாகச் சொல்லிக் கையை விரிக்க, வழக்குச் செலவு முழுக்க டிக்கன்ஸ் தலையிலேயே விழுந்தது. கஞ்சத்தனத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு வந்த வரும்படி அப்படி!

அவர் துண்டுப் பிரசுரமாகவே எழுதியிருந்தால் இன்றைக்கு நூலக அலமாரியில் ஏதோ ஒரு கட்டில் கிடந்திருக்கும். அவர் செய்த காரியம், நாட்டுப் பிரச்சினையைக் கொண்டுபோய் ஒரு குடும்பச் சண்டைக்குள் வைத்ததுதான். ஆவிகளையும் நொண்டிக் குழந்தை டிம்மையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கதையின் முதுகெலும்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்க்ரூஜுக்கு ஃபேன் என்று ஒரு தங்கை. சிறுவனாக விடுதிப் பள்ளியில் எல்லோராலும் கைவிடப்பட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தவனை, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போக ஓடி வந்தவள் அவள். பிறகு வளர்ந்து, ஒரே பிள்ளையைப் பெற்று, செத்துப்போனாள். அந்தப் பிள்ளைதான் ஃப்ரெட். பெரிய வசதியில்லாமலே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான், மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் தவறாமல் மாமாவின் கடைக்கு வந்து, “சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறான். மாமா திட்டி அனுப்புகிறார். அடுத்த வருஷமும் வந்து கூப்பிடுவேன் என்கிறான் அவன்.

ஆவிகள் வந்து போன மறுநாள் ஸ்க்ரூஜ் ஊழியர் வீட்டுக்குப் பெரிய வான்கோழி அனுப்புகிறார், தர்மத்துக்குப் பணம் தருகிறார். இதெல்லாம் செய்வதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் ஒரே இடத்தில்தான். மருமகன் வீட்டு வாசல் முன்னால் போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. பணம் கொடுப்பதைவிட அந்தப் படி ஏறுவது பெரிய காரியம் என்று டிக்கன்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் தட்டுகிறார், உள்ளே விடுகிறார்கள், சாப்பிடுகிறார்.

“இதை நான் கவனிக்கவே இல்ல மாமா. வான்கோழிதான் ஞாபகம் இருந்துச்சு” என்றாள்.

“ஒரு சின்னப் பத்திதான். ஆனா கதை அங்கதான் முடியுது. மத்ததெல்லாம் வெறும் செய்முறை.”

இப்போது அழகருக்கு வருவோம். மதுரைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மீனாட்சிக்கும் சுந்தரேசுவரருக்கும் சித்திரையில் கல்யாணம். அண்ணனான கள்ளழகர் ஊருக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கிறார். கண்டாங்கிப் பட்டு உடுத்தி, உருமால் கட்டி, கையில் நேரிக்கம்பும் வளைத்தடியுமாகக் கள்ளர் கோலத்தில் கிளம்புகிறார். பதினெட்டாம்படிக் கருப்பிடம் நகைக் கணக்கை ஒப்பித்துவிட்டுத்தான் புறப்பாடு, திரும்பி வந்ததும் மறுபடி கணக்கு. மூன்றுமாவடியில் எதிர்சேவை, அதாவது ஊரே எதிர்கொண்டு போய் வரவேற்பது. தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சாத்திக்கொண்டு, தங்கக் குதிரை ஏறி, சித்ரா பௌர்ணமி விடியலில் வைகையில் இறங்குகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை வைத்து அந்த வருஷம் எப்படி இருக்கும் என்று கரையில் நிற்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பச்சை என்றால் ஊர் முகத்திலேயே பச்சை தெரியும். ஆற்றில் இறங்கிய அந்த இடத்தில்தான் சேதி காதில் விழுகிறதாம்: கல்யாணம் முடிந்துவிட்டது. கோபத்தோடு அக்கரை ஏறாமல், ஊருக்குள் வராமல், ஆற்றோடு கிழக்கே வண்டியூருக்குப் போகிறார். அங்கே துலுக்க நாச்சியார் வீட்டில் இரவு தங்கல் என்பது ஜனங்கள் பேச்சு. பிறகு ராமராயர் மண்டபம், விடிய விடிய தசாவதாரம், பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்பல்.

கதை இதுதான். இதைப் புத்தகங்கள் ஒப்புக்கொள்வதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அழகர் கோயில் வழக்குப்படி அவர் வருவது தங்கைக்காக இல்லை, ஒரு தவளைக்காக. சுதபஸ் என்ற முனிவர் துர்வாசரின் சாபத்தால் மண்டூகமாகிவிட்டார். அவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் பயணம். தேனூர் மண்டபத்தில் அது இன்றும் முறைப்படி நடக்கிறது. மீனாட்சி கோயில் பக்கத்துக் கணக்கு இன்னும் சுவாரசியம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அண்ணன் தாமதமாக வரவே இல்லை, திருமால் கூட நின்று தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். கம்பத்தடி மண்டபத்துச் சிற்பத்தில் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிற்பம் மட்டுமா, திருக்கல்யாணத்தன்று திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் கிளம்பி வந்து அந்தச் சடங்கைச் செய்துகொடுக்கிறார். ஆக, தாரை வார்த்த அண்ணன் கோயிலுக்குள் இருக்கிறார், தாரை வார்க்க முடியாத அண்ணன் ஆற்றில் நிற்கிறார். இரண்டும் ஒரே பெருமாள். மதுரைக்காரர் எவரும் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

“அப்போ லேட்டா வந்த கதை எங்கருந்து வந்துச்சு மாமா?”

என் யூகம், காலண்டரிலிருந்து. முன்பு மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது என்றும், அழகர் சித்திரையில் தேனூருக்குப் போய் ஆற்றில் இறங்கினார் என்றும் சொல்கிறார்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இரண்டையும் சித்திரையில் சேர்த்து, அழகரை வண்டியூருக்குத் திருப்பினார் என்பது ஊர் வழக்கு. மாசியில் அறுவடை வேலை, பெரிய தேரை இழுக்க ஆள் கிடைக்காது, சித்திரையில் கிராமத்து ஜனம் ஓய்வாக இருக்கும் என்று காரணமும் சொல்வார்கள். இன்றைக்கும் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். இரண்டு விழாக்கள் இரண்டு மாதத்தில் இருந்தவரை தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்தில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் நடுவில் ஒரு சின்ன இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 21 திருக்கல்யாணம், 22 தேரோட்டம், 23 அழகர் ஆற்றில். இரண்டே நாள். கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் கழித்து வருகிற அண்ணனைப் பார்த்தால் மதுரையில் என்ன பேசுவார்கள்? அதைத்தான் பேசினார்கள். ராஜாவோ பட்டரோ எழுதிக் கொடுத்த கதை மாதிரி அது தெரியவில்லை. தாய்மாமன் சீர் வராமல் எந்தக் காரியமும் நடக்காத ஜனங்கள், தேதிகளைப் பார்த்துத் தாங்களே சொல்லிக்கொண்டது மாதிரிதான் இருக்கிறது.

பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ ஆய்வை எழுதியபோது பட்டயங்களோடு நிற்காமல், கோயிலைச் சுற்றி வாழும் சாதிகளின் வழக்கங்களையும் வர்ணிப்புப் பாடல்களையும் சேர்த்துப் பார்த்தார். 1989-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை நூலாகப் போட்டது. பிஎச்.டி. ஆய்வு என்று பயந்து ஒதுக்க வேண்டாம், அழகரோடு நடந்து போகிற மாதிரி இருக்கும். கள்ளர் வேஷம் ஏன், கோனார்களுக்கு என்ன பங்கு என்று அவர் விவரித்துக்கொண்டு போகும்போது, இந்த விழாவில் வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர் குறைவு என்பது புரியும்.

கதை ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஆட்டுத்தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர் இருக்கிறார். திரி ஏந்தி ஆடுகிறவர் இருக்கிறார். செம்பில் சர்க்கரையை நிரப்பிச் சூடம் ஏற்றிக்கொண்டு நிற்கும் பெண்கள், மொட்டை போடும் குடும்பங்கள். கல்யாணத்தன்று தங்கள் தாலிக்கயிற்றையும் மாற்றிக்கொள்கிற பெண்கள். சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு மீனாட்சிக்கு மொய் எழுதிவிட்டுப் போகிறவர்கள். சாமி கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே மண்டகப்படி. மலையிலிருந்து வண்டியூர் வரைக்கும் போய்த் திரும்பும் வழியில் நானூற்றுக்கு மேற்பட்ட மண்டபங்களில் அழகர் நின்று நின்று போகிறார். ஒவ்வொருவருக்கும் தன் வாசலில் அவர் நிற்க வேண்டும். அண்ணன் ஏன் தாமதமாகிறார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. நாம்தான் காரணம். தாமதப்படுத்துகிறவர்களும் நாமே, தாமதமாகிவிட்டதே என்று ஆற்றங்கரையில் வருத்தப்படுகிறவர்களும் நாமே, கோபமாக வந்தவர் மேல் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிறவர்களும் நாமே. அந்தத் தண்ணீர் கோபம் தணியத்தான் என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு.

டிக்கன்ஸிலும் இதே சங்கதிதான், வேறு வழியில். அந்தக் கதையைப் புத்தகம் மட்டும் காப்பாற்றவில்லை. வெளிவந்து இரண்டரை மாதத்துக்குள் லண்டனில் எட்டு நாடகங்கள் போட்டியாக ஓடின. 1853-லிருந்து டிக்கன்ஸே மேடையேறி, ஆளுக்கொரு குரல் மாற்றி, கூட்டத்துக்கு முன்னால் படித்துக் காட்டினார். 1870 மார்ச்சில் அவர் செய்த கடைசி மேடை வாசிப்பிலும் இதைத்தான் படித்தார், அந்த ஜூனில் இறந்தார். 1867-ல் அமெரிக்காவில் அவர் வாசித்ததைக் கேட்ட ஓர் ஆலை முதலாளி, கிறிஸ்துமஸ் அன்று ஆலையை மூடி, தொழிலாளிகள் வீட்டுக்கெல்லாம் வான்கோழி அனுப்பினார் என்று ஒரு செய்தி உண்டு. கேட்டவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது பாருங்கள். துண்டுப் பிரசுரம் படித்து யாராவது வான்கோழி அனுப்புவார்களா?

வித்தியாசமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. லண்டன் மாமா படியேறிவிட்டார். நம் மாமா ஆற்றைத் தாண்டவே இல்லை. டிக்கன்ஸ் கதையைச் சமாதானத்தில் முடித்தார், அதனால் அதை மறுபடி ருசிக்க வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி ஸ்க்ரூஜைத் திரும்பவும் கெட்டவனாக்க வேண்டியிருக்கிறது. மதுரைக்காரர்கள் சண்டையைத் தீர்க்காமலே வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் அழகர் வருவதற்குப் போன வருஷத்து மனத்தாங்கலே போதும். சைவ, வைணவச் சண்டையைத் தீர்த்து வைத்த விழா என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒற்றுமைப் பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதையைக் கவனித்தால் யாரும் சமாதானமாகவில்லை. அண்ணன் வருகிறார், சீர் கொண்டுவருகிறார், வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிடுகிறார். அது என் கண்ணுக்குச் சமாதானத்தைவிட உண்மையாகப் படுகிறது. ‘கிழக்குச் சீமையிலே’ படத்தில் 1993-ல் பாரதிராஜா காட்டிய அண்ணன் தங்கைப் பாசமும் வைராக்கியமும் இந்த மண்ணில் புதிதாக முளைத்ததில்லை.

2020-ல் கொரோனா ஊரடங்கு. திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் இருந்து நடத்தினார்கள், நாங்கள் வீட்டில் நேரலையில் பார்த்தோம். அழகர் வரவில்லை. மறுவருஷமும் மலையை விட்டு இறங்கவில்லை, கோயிலுக்குள்ளேயே ஆறு மாதிரி ஒன்றை அமைத்து அதில் இறக்கினார்கள். மண்டூகரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருவரையும் அப்போது நான் பார்க்கவில்லை. “கல்யாணத்துக்குத்தான் வர முடியல, கோவிச்சுக்கவாவது வந்திருக்கலாம்” என்றுதான் எங்கள் தெருவில் ஒரு பாட்டி சொன்னார்.

டீ எப்போதோ தீர்ந்திருந்தது. அவள் குறிப்பேட்டில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றில் அழகரைப் பார்க்க ஜனம் முண்டியடிக்கும் ஏ.வி. பாலம் 1889-ல் கட்டி முடித்தது, விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் பெயர் என்று ஒரு கூடுதல் தகவலையும் எடுத்துவிட்டேன். டிக்கன்ஸ் காலத்தோடு சேர்த்துக் கட்டுரையில் எழுதட்டுமே என்று. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

“மாமா, ஃப்ரெட் வருசா வருசம் நேர்ல போய்க் கூப்பிடுறான். இங்க அழகரை யாரு கூப்பிடுறா?”

“எதிர்சேவைன்னு மூணுமாவடிக்கு ஊரே போகுதே. லட்சக்கணக்குல ஜனம். அவங்க எல்லாரும் ஃப்ரெட்தான்.”

“ஊரு போகுது. மீனாட்சி ஏன் போகல?”

இதற்கு எனக்குப் பதில் இல்லை. கல்யாணமான மறுநாள் புதுப்பெண் எப்படி வாசலைத் தாண்டும் என்று எங்கள் அம்மா சொல்வார், அதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. திக்விஜயம் போய் எட்டுத் திசையும் ஜெயித்தவள், கல்யாணத்துக்கு மறுநாள் தேரில் மாசி வீதி நாலும் சுற்றுகிறவள், ஆற்றங்கரைக்கு வர மாட்டாளா என்றாள். கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது.

“நான் ஃபேனைப் பத்தித்தான் அசைன்மென்ட் எழுதப் போறேன் மாமா. அவளுக்குப் புக்குல ரெண்டு பக்கம் கூட இல்ல. ஆனா அண்ணனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வண்டியோட வந்து நிக்கிறது அவதான்.”